சக்கரத்தின் நேர்மை

மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகப் பெருவிழாவிலே பஞ்சரத பவனியைக் காணச் செல்வோர், தேர்களின் அலங்காரத்தைக் காண்பர். வடம் பிடிக்கும் அடியார் கூட்டத்தைக் காண்பர். சக்கரத்தைக் கூர்ந்து நோக்குவோர் சிலரே. பெருந்தேர் எதுவாயினும் நேரான வீதியில் இனிது உருண்டு வரும். வீதியின் மூலையிலே திரும்ப வேண்டிய வேளையிலேதான் அதன் இடர் தொடங்கும். ஒரு பக்கத்துச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை இட்டு, மறு பக்கத்தை வலிந்து இழுக்க, சக்கரங்கள் தரையை உராய்ந்து அரைத்துக்கொண்டே திரும்பும். அச்சோடு பிணைந்து ஒரே திசையை நோக்கி நிற்கும் சக்கரங்களுக்கு வளைந்து செல்லும் வழி வேறில்லை. மரமும் இரும்புப் பட்டமும் ஆண்டுக்கு ஒரு நாள் அந்த உராய்வைத் தாங்கிக்கொள்ளும். நாள்தோறும் ஓடும் மோட்டார் வண்டியின் இறப்பர் ரயர் அதனைத் தாங்குமா?

இக்கேள்விக்கு விடை தேடியவர்கள் மோட்டார் வண்டி பிறப்பதற்கு முன்னரே வாழ்ந்தார்கள் என்பது வியப்புக்குரியது. வளைவிலே உட்புறச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்புறச் சக்கரம் பெரிய வட்டத்திலும் செல்வதால், இரண்டும் வெவ்வேறு கோணத்தில் திரும்புதல் வேண்டும். மியூனிச் நகரத்து வண்டிச் சிற்பி கியோர்க் லங்கென்ஸ்பெர்கர் 1817இல் இதற்கோர் அமைப்பைக் கண்டார். ருடால்ப் அக்கர்மன் 1818இல் இலண்டனிலே அதற்குக் காப்புரிமை பெற்றார். குதிரை வண்டிக்காக எழுந்த அந்த எண்ணமே இன்றைய கார்களின் முன்சக்கரங்களையும் ஆளுகின்றது. காற்றடைத்த ரயரை 1845இல் ரொபர்ட் தொம்சன் சிந்தித்தார். 1888இல் ஜோன் பொய்ட் டன்லப் அதனை உலகறியச் செய்தார். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னதாக, 1876இல், கியூ தாவரத் தோட்டத்திலிருந்து வந்த இறப்பர் கன்றுகள் இலங்கையின் ஹெனரத்கொடையிலே நடப்பட்டன. இறப்பர் மரம் பின்னர் மாத்தளைக் குன்றுகளிலும் வேரூன்றியது. உக்குவளைப் பக்கத்துத் தோட்டங்களிலே பால் வெட்டுவோரின் விடியற்காலை உழைப்பே எங்கோ ஒரு வண்டியின் காலணியாகின்றது. அந்தக் காலணி காலத்துக்கு முன்னரே தேய்ந்து போவது பணத்தின் நட்டம் மட்டுமன்று. ஒருவகையில் உழைப்பின் அவமதிப்புமாகும்.

எல்லா வண்டிகளின் ரயர்களும் தேய்கின்றன. ஆயினும், ஸ்போர்ட்ஸ் கார் எனப்படும் விரைவுக் காரிலே இச்சிக்கல் கூர்மை பெறுகின்றது. தாழ்ந்த உடலும், இறுகிய சுருள்வில்லும், அகன்ற ரயரும் உடையது அது. ஓட்டுபவர் சுக்கானைச் சிறிது அசைத்தாலும் உடனே அதற்கு இணங்க வேண்டும் என்ற நோக்குடன், அதன் சக்கரங்கள் சாதாரணக் காரின் சக்கரங்களைவிட நுட்பமான கோணங்களில் நிறுத்தப்படுகின்றன. கருவி எத்துணை நுட்பமானதோ, பிழையும் அத்துணை விரைவில் வெளிப்படும். பழைய மாட்டுவண்டியின் அச்சு சிறிது கோணினால் மாடு அதனை அறியாது. விரைவுக் காரின் சக்கரம் ஒரு பாகையின் சிறு பகுதி கோணினாலும் ரயர் அறியும்.

இலங்கையிலே இத்தகைய கார்களின் மேலுள்ள விருப்பம் புதியதன்று. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. மாத்தளை மாவட்டத்துச் சிகிரியாவிலுள்ள விமானப்படைத் தளத்திலும் மண்தரைப் பந்தயங்கள் நடைபெற்றுள்ளன. பந்தயத்துக்குச் செல்லாமல், விடுமுறை நாளிலே தாம் பேணும் பழைய காரை வெளியே எடுத்து மலைவீதியிற் சென்று மகிழ்வோரும் உளர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளிலே, உள்ள வண்டியைப் பேணுவதே வண்டி வைத்திருப்போரின் முதற்கடமையாயிற்று. அக்கடமையிற் பெரும்பங்கு சக்கரங்களைச் சார்ந்தது.

சக்கரத்தின் நிலையை மூன்று கோணங்கள் தீர்மானிக்கின்றன. கராஜிலே அவற்றை டோ, கேம்பர், காஸ்டர் என்று வழங்குவர். பெயர் அந்நியமாயினும் பொருள் எளியது.

முதலாவது டோ. ஒருவர் நிற்கும்போது அவருடைய பாதங்களை மேலிருந்து பார்த்தால், பெருவிரல்கள் ஒன்றையொன்று நோக்கி உட்புறம் திரும்பியிருக்கலாம். அன்றி வெளிப்புறம் விரிந்திருக்கலாம். இரு முன்சக்கரங்களும் அவ்வாறே. முன்விளிம்புகள் நெருங்கியிருந்தால் உள்நோக்கு; விரிந்திருந்தால் வெளிநோக்கு. பின்சக்கரங்களால் உந்தப்படும் விரைவுக் காரிலே, ஓடும்போது வீதியின் தடை முன்சக்கரங்களைச் சிறிது பின்தள்ளி விரிக்கின்றது. ஆகையால், நிற்கும்போது சிறிதளவு உள்நோக்கு வைத்தால் ஓடும்போது இரண்டும் நேராகும். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் உருவான எம்.ஜி.பி. காருக்கு, ஓர் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு முதல் முப்பத்திரண்டில் மூன்று பங்கு வரை உள்நோக்கு விதிக்கப்பட்டிருந்தது. மில்லிமீற்றரிற் சொன்னால் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டரை. எவ்வளவு சிறிய அளவு!

சிறிய அளவென்று புறக்கணித்தால் நேர்வது யாது? கணக்குப் பார்த்தல் தகும். சக்கரத்தின் விட்டம் 600 மில்லிமீற்றர் எனக் கொள்க. வேண்டிய அளவுக்கு மேல் 3 மில்லிமீற்றர் உள்நோக்கு இருப்பின், ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒன்றரை மில்லிமீற்றர் பிழை. அக்கோணம் ஒரு பாகையின் ஏழில் ஒரு பங்குதான். ஆனால், அக்கோணத்தில் நிற்கும் சக்கரம் ஒரு கிலோமீற்றர் உருளும்போது இரண்டரை மீற்றர் பக்கவாட்டிலே இழுபடுகின்றது. மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்கு ஏறக்குறைய 45 கிலோமீற்றர். அவ்வூர் போய்ச் சேர்வதற்குள் நூறு மீற்றருக்கு மேல் அந்த ரயர் வீதியிலே குறுக்காக அரைபட்டிருக்கும். பத்தாயிரம் கிலோமீற்றர் ஓடிய பின், அது 25 கிலோமீற்றர் குறுக்காக இழுக்கப்பட்டதற்குச் சமம். கண்டியிலிருந்து மாத்தளை வரை ஒரு ரயரைக் கயிறு கட்டிக் குறுக்கே இழுத்துச் சென்றால் அதன் மேனி என்னவாகுமோ, அதுவே நிகழ்கின்றது.

இரண்டாவது கேம்பர். வண்டியை முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் செங்குத்தாக நிற்கின்றதா, உட்புறம் அன்றி வெளிப்புறம் சாய்கின்றதா என்பதே அது. தலைப்பக்கம் வண்டியை நோக்கிச் சாய்ந்திருப்பின் எதிர்மறைச் சாய்வு. விரைவுக் கார்களிலே இதனை விரும்பி வைப்பர். வளைவிலே வண்டியின் உடல் வெளிப்புறம் சாயும். அப்போது பாரத்தைத் தாங்கும் வெளிச்சக்கரமும் உடன் சாய்ந்து தன் வெளிவிளிம்பில் நிற்கும். முன்னரே உட்புறம் சாய்த்து வைத்திருப்பின், அவ்வேளையிலே ரயரின் அகலம் முழுவதும் வீதியிற் படியும். நல்ல பிடிப்புக் கிடைக்கும். ஆனால், நேர்வீதியிலே விலை கொடுக்க வேண்டும். 200 மில்லிமீற்றர் அகலமுள்ள ரயரை ஒரு பாகை சாய்த்தால், ஒரு விளிம்பு மற்றதைவிட மூன்றரை மில்லிமீற்றர் தாழும். தாழ்ந்த விளிம்பே அதிக பாரம் சுமக்கும். அதுவே முந்தித் தேயும்.

மூன்றாவது காஸ்டர். துவிச்சக்கர வண்டியின் முன்கவை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதை எல்லோரும் கண்டிருப்பர். கைவிட்டு ஓட்டும் சிறுவனை அது நேரே கொண்டு செல்கின்றது. காரிலும் அத்தகைய சாய்வு உண்டு. வளைவு முடிந்ததும் சுக்கான் தானே நேர்நிலைக்கு மீள்வது அதனாலேயே. இது ரயரை நேராகத் தேய்ப்பதில்லை. ஆனால், இடப்பக்கமும் வலப்பக்கமும் இதில் வேறுபட்டால், வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே செல்லும்.

இனி, மாத்தளை மாவட்டத்து வீதிகளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அங்கு இருவகை வீதிகள் உண்டு. இரண்டும் ரயரை இருவேறு வகையிலே சோதிக்கின்றன. ஒன்று, கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 பெருவீதி. அலுவிகாரையைக் கடந்து, நாலந்தை, நாவுலை வழியாகத் தம்புள்ளைச் சமவெளியை அடையுமளவில் அது நேராக நீண்டு கிடக்கின்றது. வெயிலிலே தார் கொதிக்கின்றது. மற்றொன்று, இரத்தோட்டையிலிருந்து ரிவஸ்டன் கணவாய்க்கு ஏறி, இலுக்கும்புரைப் பக்கம் இறங்கும் மலைவீதி. நக்கிள்ஸ் மலைத்தொடரின் மழையிலும் மூடுபனியிலும் அது வளைந்து வளைந்து ஏறுகின்றது.

எதிர்மறைச் சாய்வு மிகுத்து வைத்த கார் ரிவஸ்டன் வளைவுகளிலே இன்பம் தரும்; தம்புள்ளை வீதியிலே அதன் உள்விளிம்பு உருகும். செங்குத்தாக நிறுத்திய கார் தம்புள்ளை வீதியிலே சீராகத் தேயும். மலையேறினால் முன்ரயர்களின் வெளிவிளிம்பு உரியும். ஆகவே, எல்லார்க்கும் எவ்விடத்தும் பொருந்தும் ஓர் அளவு என்று ஒன்றில்லை. வண்டியைச் செய்தவர் தந்த அளவு ஒரு வரம்பு. அவ்வரம்புக்குள் எந்த இடத்திலே நிற்பது என்பதை, வண்டி எந்த வீதியிலே அதிகம் ஓடுகின்றது என்பதே தீர்மானிக்க வேண்டும். திங்கள் முதல் வெள்ளி வரை அலுவலகத்துக்கு ஏ-9 வீதியிற் சென்று, ஞாயிற்றுக்கிழமை மட்டும் மலையேறுபவர், ஞாயிற்றுக்கிழமைக்காகச் சக்கரத்தைச் சாய்த்து வைத்தால், ஐந்து நாட்களும் ரயரைத் தின்னக் கொடுக்கின்றார்.

இங்கே பலரும் தவறாகக் கருதும் ஒன்றைத் தெளிவாக்குதல் நன்று. உள்விளிம்பு தேய்ந்ததும், பழியெல்லாம் சாய்வின்மேல் சுமத்தப்படுகின்றது. ஓரளவான சாய்வு தனித்து நின்று ரயரை அத்துணை விரைவில் அழிப்பதில்லை. வெளிநோக்குப் பிழையும் அதனுடன் சேரும்போதே அழிவு விரைகின்றது. சாய்வு எந்த விளிம்பு என்பதைத் தேர்கின்றது. நோக்குப் பிழை அவ்விளிம்பை அரைக்கின்றது. ஆதலின், முதலிற் பார்க்க வேண்டியது டோ, பின்னரே கேம்பர்.

பிழையான நோக்கு எவ்வாறு நேர்கின்றது? குழியொன்றிலே வேகமாக விழுந்த ஒரு கணம் போதும். மழைக்காலத்திலே நீர் நிரம்பிய குழியின் ஆழம் தெரிவதில்லை. தார் உடைந்த ஓரத்திலிருந்து மீண்டும் வீதியிலே ஏறும்போதும், மதகின் விளிம்பிலே மோதும்போதும் சுக்கான் தண்டு வளையலாம். முதுமையினால் மூட்டுகளும் இறப்பர்ப் பொதிகளும் தளர்வது மற்றொரு காரணம். மூன்றாவது காரணம் வண்டிக்காரர் தாமே தேடிக்கொள்வது. அழகுக்காகக் குட்டையான சுருள்வில்லை இட்டு வண்டியைத் தாழ்த்துகின்றனர். உடல் தாழ்ந்ததும் தாங்கு கைகளின் கோணம் மாறுகின்றது, சாய்வு மாறுகின்றது, சுக்கான் தண்டின் நிலை மாறுவதால் நோக்கும் மாறுகின்றது. வில்லை மாற்றிய அன்றே சக்கரங்களையும் அளந்து திருத்த வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

ரயர் பேசாது, ஆனால் எழுதி வைக்கும். அதன் மேனியிலே எழுதியதைப் படிக்கக் கற்றவர்க்கு வேறு கருவி முதலில் வேண்டுவதில்லை. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருப்பின் காற்று அதிகம். இரு விளிம்பும் தேய்ந்து நடு நின்றிருப்பின் காற்றுக் குறைவு. ஒரு விளிம்பு மட்டும் சீராகத் தேய்ந்திருப்பின் சாய்வை ஐயுறுக. உள்ளங்கையை ரயரின் குறுக்கே மெல்லச் செலுத்தும்போது ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் அரத்தின் பற்போல் உறுத்துமாயின், நோக்குப் பிழை உறுதி. இடையிடையே கிண்ணம் போலப் பள்ளம் விழுந்திருப்பின், அதிர்வு தாங்கி தளர்ந்தது அன்றிச் சக்கரம் சமநிலை இழந்தது என்று கொள்க. கண்ணைவிடக் கை முந்தி அறியும். கண்ணுக்குப் புதிது போலத் தோன்றும் ரயரிலே கை அரத்தை உணரலாம்.

மாத்தளை நகரத்துக் கராஜொன்றிலே இப்படி ஓர் உரையாடல் எழுவதாகக் கொள்வோமானால் அது பிழையாகாது. ரயரைக் கழற்றிக் காட்டி, “போன வருடம்தான் வாங்கினேன், பாஸ், மோசமான சாமான்” என்கின்றார் இளைஞர். முதியவர் உள்விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, “சாமானிலே பிழையில்லை, தம்பி. சில்லு ஒரு பக்கம் பார்க்கிறது, வண்டி ஒரு பக்கம் போகிறது. புது ரயர் போட்டாலும் இதே கதிதான்” என்கின்றார். அந்த ஒரு வாக்கியத்திலே இப்பொருளின் சாரம் முழுவதும் அடங்கும். காரணத்தைத் திருத்தாமல் ரயரை மட்டும் மாற்றுவோர், ஓட்டைக் குடத்திலே மீண்டும் மீண்டும் நீர் நிரப்புகின்றனர்.

திருத்தும் முறை யாது? நகரங்களிலே ஒளிக்கற்றையாலும் கணினியாலும் அளக்கும் இயந்திரங்கள் உள்ளன. அவை சிறந்தவை. எனினும், இயந்திரம் அளப்பது அந்நேரத்து நிலையைத்தான். தளர்ந்த மூட்டை அது இறுக்காது. எனவே, அளப்பதற்கு முன் சக்கரத்தை உயர்த்தி அசைத்துப் பார்த்து, மூட்டு, பொதி, சக்கர உருளைகள் ஆகியவற்றின் தளர்வை நீக்குதல் வேண்டும். நான்கு ரயர்களும் விதித்த அளவினவாக இருத்தல் வேண்டும். காற்றழுத்தத்தை வண்டி ஓடுமுன் விடியற்காலையிலே பார்த்தல் வேண்டும். வெப்பம் 10 பாகை செல்சியஸ் ஏறினால் அழுத்தம் ஒன்று முதல் இரண்டு இறாத்தல் வரை ஏறிக் காட்டும் என்பதால், நண்பகல் அளவு ஏமாற்றும். ஓட்டுபவர் தனியே செல்லும் சிறு வண்டியாயின், அவருடைய எடைக்கு ஒத்த பாரத்தை ஆசனத்திலே வைத்து அளத்தல் நலம்.

இயந்திரம் இல்லாதவிடத்து நூல் போதும். சமதரையிலே வண்டியை நிறுத்தி, சுக்கானை நேராக வைத்து, இரு பக்கத்திலும் சக்கர மையத்தின் உயரத்திலே இரண்டு நூல்களை வண்டியின் நடுக்கோட்டுக்கு இணையாக இழுத்துக் கட்டுவர். நூலிலிருந்து சக்கர வளையத்தின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் உள்ள தூரத்தை அளந்தால், வேறுபாடே நோக்கு. அளப்பதற்கு முன் வண்டியைச் சில அடி முன்னோக்கி உருட்டி நிறுத்துதல் இன்றியமையாதது; பின்னோக்கி உருட்டினால் மூட்டுகளின் இளக்கம் வேறு பக்கம் சென்று பொய்யளவு தரும். பின்சக்கரங்களைத் திருத்தக்கூடிய வண்டியாயின், அவற்றை முதலில் நேராக்கி, அதன் பின்னரே முன்சக்கரத்துக்கு வருதல் முறை. பின்சக்கரம் கோணினால் வண்டி நண்டு போலச் செல்லும். சுக்கான் தண்டுகள் இரண்டையும் ஒரே அளவு திருகுதல் வேண்டும். ஒன்றை மட்டும் திருகினால் வண்டி நேரே செல்லும்போது சுக்கான் கோணி நிற்கும். பூட்டு மரையை இறுக்கி, மீண்டும் உருட்டி, மீண்டும் அளந்து, அளவைத் திகதியோடு குறிப்பேட்டிலே எழுதுதல் நல்ல வழக்கம்.

எந்தக் கோணத்தைத் திருத்தலாம் என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும். எம்.ஜி.பி. காரிலே முன்சக்கரத்தின் நோக்கை மட்டுமே எளிதிற் திருத்தலாம். சாய்வு தொழிற்சாலையிலே நிலைபெற்றது. அது மாறியிருந்தால் ஏதோ ஓர் உறுப்பு வளைந்தது அன்றித் தேய்ந்தது என்று பொருள். 1989இல் வெளிவந்த மஸ்டா எம்.எக்ஸ்.-5 காரிலோ, முன்னும் பின்னும் மையம் விலகிய ஆணிகளைத் திருப்பிப் பல கோணங்களைத் திருத்தலாம். உரிமை மிகுந்தவிடத்துப் பிழைக்கும் இடம் மிகும். ஒன்றைத் திருப்பினால் மற்றதும் அசையும் என்பதால், சாய்வைத் திருத்திய பின் நோக்கை மறுபடி அளக்காமல் விடுதல் ஆகாது.

இவ்வளவு நுணுக்கமும் எதற்காக? ரயரின் விலை ஒரு காரணம். ஆயினும் அதுவே தலையாய காரணமன்று. உள்விளிம்பின் தேய்வு மறைவிலே நிகழ்கின்றது. வண்டியின் பக்கத்திலே நின்று பார்ப்பவருக்கு வெளிவிளிம்பின் செழிப்பான கோடுகளே தெரியும். தாழ்ந்த காரிலே உட்புறத்தைக் குனிந்தும் காண்பது அரிது. அங்கே இறப்பர் நீங்கி நூலிழை வெளிப்பட்டிருக்கலாம். புதிய ரயரிலே ஏறக்குறைய 8 மில்லிமீற்றர் ஆழமுள்ள வரிப்பள்ளங்கள் மழைநீரை வெளியேற்றுகின்றன. 1.6 மில்லிமீற்றருக்குக் குறைந்த ரயரைப் பல நாடுகளின் சட்டங்கள் விலக்குகின்றன. ரயரிலேயே அவ்வளவைக் காட்டும் மேடுகள் வைக்கப்பட்டுள்ளன. வழுக்கையான விளிம்பிலே நீர் வெளியேற இடமின்றி, ரயருக்கும் வீதிக்கும் இடையே ஒரு மெல்லிய படலமாக நின்றுவிடும். அக்கணத்திலே சுக்கானும் தடையும் இருந்தும் இல்லாதவையாகும்.

ஐப்பசி தொடங்கித் தை வரை மாத்தளை மாவட்டத்திலே மழை மிகும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கார் ஒரு விநாடியிலே ஏறக்குறைய 17 மீற்றர் கடக்கின்றது. இரத்தோட்டைப் பக்கத்து வளைவொன்றிலே, ஒரு புறம் மலைச்சுவரும் மறு புறம் பள்ளமும் இருக்க, குடை பிடித்தபடி பாடசாலைப் பிள்ளைகள் வீதியோரத்திலே நடந்து வருகின்றனர். அவர்களுக்கும் அந்தக் காருக்கும் இடையே உள்ள காவல், உள்ளங்கை அகலமான நான்கு இறப்பர்த் துண்டுகளே. அவை செவ்வையாகத் தரையிற் படிகின்றனவா என்பது ஓட்டுபவரின் திறமையினால் அந்நேரம் தீர்மானிக்கப்படுவதன்று. பல வாரங்களுக்கு முன், ஒரு கராஜின் தரையிலே, அரை மில்லிமீற்றரை அலட்சியம் செய்யாத ஒருவரால் தீர்மானிக்கப்பட்டது.

மாதம் ஒரு முறை காற்றழுத்தம். சக்கரத்தை முற்றாகத் திருப்பி வைத்து உள்விளிம்பிலே கைவைத்துப் பார்த்தல். குழியிலே பலமாக விழுந்தாலோ, உறுப்பு மாற்றினாலோ, சுக்கான் கோணி நின்றாலோ, உடனே அளந்து திருத்தல். இம்மூன்றையும் வழக்கமாக்கிக்கொள்பவரின் ரயர் தன் ஆயுளை முழுமையாக வாழும். அவர் செல்லும் வீதியிலே நடப்பவர்களும் அச்சமின்றி நடப்பர்.